சங்க அலுவலகத்தில் உங்களுக்குத் தெரிந்தவர் யார்?

தொழில்முறைச் சங்கத்தில் புதிதாகச் சேர்பவர்கள் முதலில் தேடிப் போவது தலைவரைத்தான். மாநாட்டு மேடையில் கண்ணில் படுபவர் அவர். நானும் அப்படித்தான் பழக ஆரம்பித்தேன். அவருடைய பதவிக்காலம் முடிந்த பிறகு சந்தாவில் ஒரு சிக்கல் வந்தது. யாரைக் கேட்பது என்றே எனக்குத் தெரியவில்லை. கைகொடுத்தவர் உறுப்பினர் பிரிவில் பல வருடமாக இருந்த ஒரு பணியாளர். என் பழைய ரசீதைத் தேடி எடுத்து, உறுப்பினர் கணக்கின் தொடர்ச்சி அறுந்துபோகாமல் பார்த்துக்கொண்டார். அன்றிலிருந்து புதியவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான்: அலுவலகத்தில் ஒருவரையாவது பெயர் சொல்லி அழைக்கும் அளவுக்குத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

படி 1: பொறுப்பாளர் வேறு, பணியாளர் வேறு

தலைவர், செயலாளர், பொருளாளர் எல்லாம் தேர்தலில் வருபவர்கள். பெரும்பாலும் சம்பளம் இல்லாமல், தங்கள் சொந்த வேலைக்கு நடுவே சங்க வேலையையும் பார்ப்பவர்கள். பணியாளர்கள் சம்பளத்துக்கு முழுநேரமாக வேலை செய்பவர்கள்.

1818-இல் லண்டனில் தொடங்கிய சிவில் பொறியாளர் சங்கத்துக்கு 1820-இல் தாமஸ் டெல்ஃபோர்டு முதல் தலைவரானார். 1834-இல் இறக்கும்வரை அவரே தலைவர். அந்தச் சங்கத்தில் முன்பு நடந்ததை அவரிடமே கேட்டிருக்கலாம். இன்று அப்படி இல்லை. மின், மின்னணுப் பொறியாளர்களின் உலகளாவிய சங்கமான ஐ-டிரிபிள்-இ-யில் (IEEE) தலைவர் பதவி ஒரே ஆண்டு, கணினித் துறையினரின் சங்கமான ஏசிஎம் (ACM) தலைவருக்கு இரண்டு ஆண்டு. மூன்று வருடத்துக்கு முன் ஒரு விண்ணப்பம் ஏன் திரும்பி வந்தது, எந்தப் படிவம் எப்போது மாறியது என்பதெல்லாம் இப்போது பணியாளர்களின் நினைவில்தான் இருக்கிறது.

படி 2: உங்கள் தேவைக்கு உரியவரைக் கண்டுபிடியுங்கள்

சங்கத்தின் இணையதளத்தில் பணியாளர் பட்டியல் இருக்கும். உறுப்பினர் சேர்க்கை, மாநாடு, இதழ், சான்றிதழ் தேர்வு, கிளைகள் என்று பிரித்திருப்பார்கள். அதில் உங்கள் வேலைக்கு நெருக்கமான ஒருவர் போதும். எல்லோருக்கும் ஒரே கடிதத்தை அனுப்பாதீர்கள். அடுத்தவர் பதில் சொல்வார் என்று ஒவ்வொருவரும் விட்டுவிடுவார்கள்.

படி 3: முதல் மின்னஞ்சல்

இதில்தான் நிறையப் பேர் தடுக்கி விழுகிறார்கள். "உங்கள் சங்கத்தைப் பற்றித் தெரிந்துகொள்ள விரும்புகிறேன், உதவவும்" என்று எழுதினால் அவர் என்னதான் பதில் சொல்வார்? இப்படி எழுதிப் பாருங்கள்:

"வணக்கம். மார்ச் மாதம் சேர்ந்த புதிய உறுப்பினர் நான். என் உறுப்பினர் எண்ணைக் கீழே தந்திருக்கிறேன். மாநாட்டுப் பயண உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கிறேன். விதிமுறையின் 4-ஆம் பத்தியில் 'பணியில் சேர்ந்து ஐந்து ஆண்டுக்குள்' என்று இருக்கிறது. பகுதிநேரமாக வேலை பார்த்த காலமும் அதில் சேருமா? இது மட்டும் தெரிந்தால் போதும். நன்றி."

உறுப்பினர் எண் இருப்பதால் அவர் உடனே உங்கள் பதிவைத் திறந்துவிடுவார். விதிமுறையைப் படித்துவிட்டுத்தான் கேட்கிறீர்கள் என்பது பத்தி எண்ணிலேயே தெரிகிறது. கேள்வியும் ஒன்றே ஒன்று, இரண்டு வரியில் பதில் எழுதிவிடலாம். தலைப்பிலும் "உதவி தேவை" என்று போடாமல் "பயண உதவித்தொகை: பகுதிநேரப் பணி பற்றி" என்று போடுங்கள். பதில் வர ஒரு வாரம் பொறுத்திருங்கள். வராவிட்டால் அதே மின்னஞ்சலுக்குக் கீழேயே ஒரு வரி நினைவூட்டல், அவ்வளவுதான்.

படி 4: பதில் வந்த பிறகு

என் அனுபவத்தில் பழக்கம் உண்மையில் தொடங்குவது இங்கேதான். நன்றி சொல்வதோடு நிறுத்திக்கொள்ளாமல், என்ன ஆனது என்றும் சொல்லுங்கள். "நீங்கள் சொன்னபடி பகுதிநேரச் சான்றையும் இணைத்தேன், விண்ணப்பம் ஏற்கப்பட்டுவிட்டது" என்று இரண்டு மாதம் கழித்து ஒரு வரி எழுதினாலும் போதும். நாள் முழுக்கப் புகாரும் சந்தேகமும் மட்டுமே வந்து விழும் மேசை அது. தான் சொன்ன பதில் என்ன ஆயிற்று என்பது அங்கே இருப்பவருக்குத் தெரிவதே அபூர்வம். அடுத்த முறை நீங்கள் எழுதும்போது உங்கள் பெயர் அவருக்கு நினைவிருக்கும்.

படி 5: நேரில் சந்திக்கும்போது

மாநாட்டின் முதல் நாள் காலையில் பதிவு மேசைப் பக்கம் பேச்சுக் கொடுக்கப் போகாதீர்கள். எதிரே நீளமான வரிசை, மேசையில் அகர வரிசையில் அடுக்கிய பெயரட்டைகள், ஒரு காதில் தொலைபேசி. யாரோ ஒருவரின் அட்டையில் பெயர் தப்பாக அச்சாகியிருக்கும், இன்னொருவர் பணம் கட்டியது பதிவாகியிருக்காது. உங்கள் அட்டையை வாங்கிக்கொண்டு, "நான்தான் பகுதிநேரப் பணி பற்றி எழுதியவன், அப்புறம் வந்து பார்க்கிறேன்" என்று சொல்லி நகர்ந்துவிடுங்கள்.

இரண்டாம் நாள் மதிய அமர்வு நடக்கும்போது அதே மேசை காலியாகக் கிடக்கும். அப்போது போங்கள். "இந்த வேலையில் எதற்கு அதிக நேரம் போகிறது?" என்று கேளுங்கள். புதிய உறுப்பினர்கள் அடிக்கடி தவறவிடுவது எது என்றும் கேட்கலாம். உதாரணமாக, ஐ-டிரிபிள்-இ சங்கத்தில் மூத்த உறுப்பினர் நிலைக்குப் பத்து ஆண்டு தொழில் அனுபவம் வேண்டும். ஆனால் இளநிலைப் பட்டத்துக்கு மூன்று ஆண்டும், முனைவர் பட்டத்துக்கு ஐந்து ஆண்டும் அந்தக் கணக்கில் சேரும். இது விதிமுறையிலேயே இருக்கிறது, இருந்தாலும் பலர் கவனிப்பதில்லை. இப்படிப்பட்ட விஷயங்கள் பணியாளர்களுக்குத் தண்ணீர் பட்ட பாடு.

படி 6: சின்ன வேலை ஒன்றை ஏற்றுக்கொள்ளுங்கள்

அமர்வில் நேரம் பார்ப்பது, விண்ணப்பங்களை வாசித்து மதிப்பெண் போடுவது என்று ஆள் தேவைப்படும் வேலை எப்போதும் இருக்கும். பெரும்பாலும் குழுவுக்கு ஒரு பணியாளர் துணையாக இருப்பார். சொன்ன தேதிக்கு முன்னால் வேலையை முடித்துக் கொடுங்கள். முடியாது என்றால் அதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

எதைக் கேட்கக் கூடாது

விதியை வளைக்கச் சொல்லாதீர்கள். மற்ற உறுப்பினர்களின் தொலைபேசி எண்ணைக் கேட்காதீர்கள்; அவர் தரவும் கூடாது. கடைசித் தேதி முடிந்துவிட்டால் முடிந்ததுதான், பழக்கத்தை அங்கே கொண்டுபோய் நிறுத்தி அவரைத் தர்மசங்கடத்தில் மாட்டிவிட வேண்டாம். அவர் தானாகத் தராதவரை சொந்த எண்ணுக்கும் அழைக்காதீர்கள். பரிசு கொடுக்கத் தோன்றினால், அதற்குப் பதிலாக அவருடைய மேலாளருக்கு ஒரு மின்னஞ்சல் எழுதுங்கள். எந்த நாள், என்ன சிக்கல், அவர் எப்படித் தீர்த்தார் என்று நான்கு வரி போதும். எனக்குக் கைகொடுத்தவருக்காக நான் எழுதிய கடிதத்தை அவர் அச்சிட்டு வைத்திருந்ததைப் பிறகு ஒருநாள் அவர் மேசையில் பார்த்தேன்.