மானாமதுரை சூளை பாக்கப் போறீங்களா, லீவு போடுறதுக்கு முன்னாடி இத படிங்க

ஊருக்கு வர்றப்ப மானாமதுரைக்கு ரெண்டு நாள் ஒதுக்குங்க, கடையில பானை வாங்கிட்டு திரும்புறதுக்கு இல்ல, சூளை எரியுறத பாக்க. மதுரையில இறங்குனா ராமேஸ்வரம் ரோட்டுல கிட்டத்தட்ட 50 கிலோமீட்டர் தான், ட்ரெயினும் இருக்கு. வழியில கீழடி மியூசியத்த மொதல்ல பாத்துருங்க, ரெண்டாயிரம் வருஷத்துக்கு முந்தின கருப்பு சிவப்பு பானைய அங்க பாத்துட்டு அதே வைகைப் பக்கம் இன்னைக்கும் பானை வேகுறத பாக்கறப்ப உடம்பு சிலிர்க்கும்.

ஐப்பசி கார்த்திகை மழையில போகாதீங்க. பானை சரியா காயாது, ஈரத்தோட சூளையில வச்சா உள்ள இருக்க தண்ணி ஆவியாகி வெடிச்சு பக்கத்துல இருக்கறதையும் சேத்து உடைச்சிரும். மார்கழியில பொங்கப்பானை வேலை மும்முரமா இருக்கும், நின்னு பேச யாருக்கும் நேரம் இருக்காது. மாசி பங்குனி தான் நல்லது.

போனதும் எப்ப சூளை அடுக்குறாங்கன்னு பானை செய்யுற வேளார் வீடுகள்ல கேளுங்க. பானைய அடுக்கி மேல வைக்கோல் போட்டு சேறு பூசி மூடிருவாங்க. மொதல்ல சின்ன தீ தான், ரொம்ப நேரம் வெறும் புகையா வரும், போரடிக்குதுன்னு கெளம்பிடாதீங்க, அந்தப் புகையோட நிறத்தையும் தீயோட நிறத்தையும் பாத்து தான் எப்ப விறகு கூட்டணும்னு பெரியவங்க முடிவு பண்றாங்க. நல்லா ஆறுனப்புறம் தான் சூளைய பிரிப்பாங்க. வீடியோ எடுக்கணும் கொஞ்சம் தொறந்து காட்டுங்கன்னு தயவுசெஞ்சு கேக்காதீங்க, சூட்டுல காத்து பட்டா கீறல் விழுந்துரும், அது அவங்க பல நாள் உழைப்பு.

கச்சேரியில வாசிக்கிற கடமும் இந்த ஊர்ல பேர்போனது, பச்சை மண்ணா இருக்கறப்பவே பலகையால தட்டித் தட்டி கனம் சரி பண்றது பெரிய வேலை. கடம் செய்யுற மீனாட்சி கேசவன் அம்மாவுக்கு சங்கீத நாடக அகாடமி விருதே கெடைச்சிருக்கு. 2023ல மானாமதுரை மண்பாண்டத்துக்கு புவிசார் குறியீடும் வந்துச்சு.

வாங்குறப்ப சுண்டிப் பாருங்க, கணீர்னு கேக்கணும், சத்தம் செத்துப்போய் இருந்தா எங்கயோ கீறல் இருக்கு. பேரம் பேசாதீங்க ப்ளீஸ். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து போறவங்க வைக்கோல் சுத்திக் கொண்டு போகாதீங்க, குவாரன்டைன்ல புடிச்சிருவாங்க, பழைய துணிய உள்ள திணிச்சு பபிள் ராப் சுத்தி கைப்பையில வச்சுக்கோங்க.