பன்னிரண்டு மஞ்சப்பையிலிருந்து ஓவர்லாக் மெஷின் வரை: பொருளுக்குப் பொருள் மாற்றி மேலே ஏறுவது எப்படி

சோழவந்தானில் தையல் கடை வைத்திருக்கிறேன். என் கடையில் இப்போது ஓடுகிற, துணி ஓரம் பிரியாமல் தைக்கிற ஓவர்லாக் மெஷினுக்கு நான் காசு கொடுக்கவில்லை. பன்னிரண்டு மஞ்சப்பையில் தொடங்கி, ஐந்து முறை மாற்றி, ஒன்றே முக்கால் வருடத்தில் அது வந்து சேர்ந்தது. எப்படி என்று கடைக்கு வருகிற பெண்கள் கேட்கிறார்கள். அளவு எடுத்துக்கொண்டே பாதிதான் சொல்ல முடிகிறது, அதனால் முழுதாக எழுதுகிறேன்.

பண்டமாற்று நமக்குப் புதிது இல்லை. என் அப்பத்தா நெல்லை அளந்து போட்டு உப்பு வாங்கியவர். 'பழைய இரும்பு, ஈயம், பித்தளைக்குப் பேரீச்சம்பழம்' என்ற குரலை நானே தெருவில் கேட்டிருக்கிறேன். பழைய பட்டுச்சேலைக்கு எவர்சில்வர் பாத்திரம் தருகிறவர்கள் இன்னமும் வருகிறார்கள். ஆனால் அங்கே நம் பொருள் கீழே இறங்குகிறது. ஜரிகையின் விலை அவருக்குத் தெரியும், நமக்குத் தெரியாது. மேலே ஏற வேண்டுமென்றால் யாரிடம் எது சும்மா கிடக்கிறது, யாருக்கு அது வேண்டும் என்ற இரண்டையும் நாம் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

முதல் பொருள் உங்கள் கைவேலையாக இருக்கட்டும். கனடாவில் கைல் மெக்டொனால்ட் என்பவர் 2005-ல் ஒரு சிவப்பு பேப்பர் கிளிப்பில் தொடங்கி, 14 மாற்றில், 2006-ல் ஒரு வீட்டையே வாங்கினார். உண்மைதான். ஆனால் போகப் போக ஊர் உலகமே அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது, அந்தப் புகழும் சேர்ந்துதான் விலை போனது. நமக்கு இருப்பது கைவேலை. ஊறுகாய் போடுவீர்களா, கூடை பின்னுவீர்களா, அதில் தொடங்குங்கள். நான் பாவாடை தைத்து மிஞ்சிய மஞ்சள் துணியில் பன்னிரண்டு பை தைத்தேன், கைப்பிடிக்கு இரட்டைத் தையல் போட்டு. 2019 ஜனவரி 1 முதல் பிளாஸ்டிக் பைக்குத் தடை. 2021 டிசம்பரில் அரசே 'மீண்டும் மஞ்சப்பை' என்றது. எங்கள் தெரு மளிகைக் கடை அண்ணாச்சி, பை இல்லாமல் வருகிறவர்களுக்கு என்ன செய்வது என்று தவித்துக்கொண்டிருந்தார்.

பையைக் கொண்டுபோய் வைத்துவிட்டு, "அண்ணாச்சி, காசு வேணாம். பரண்ல சும்மா கிடக்குறது ஏதாச்சும் இருந்தா குடுங்க" என்றேன். இந்தக் கேள்வியை அப்படியே பழகிக்கொள்ளுங்கள். 'என்ன தருவீங்க' என்று கேட்டால் எதிரில் இருப்பவர் உடனே பணத்தில் கணக்குப் போடுவார். 'சும்மா கிடக்குறது என்ன' என்று கேட்டால் அவர் மனசு பரணுக்கும் கொல்லைக்கும் போய் வரும். அண்ணாச்சி இறக்கிக் கொடுத்தது ஒரு பழைய தராசு. எலக்ட்ரானிக் தராசு வந்த பிறகு தொடாதது. இரும்புக் கம்பி, இரண்டு பித்தளைத் தட்டு, ஐந்து படிக்கல்.

வந்த பொருளை அப்படியே அடுத்தவரிடம் தள்ளாதீர்கள். நடுவில் நீங்கள் செய்கிற வேலைதான் ஏற்றம். புளியும் சாம்பலும் வைத்துத் தட்டுகளை ஒரு முழு மத்தியானம் தேய்த்தேன். கருப்பு கரைந்து பொன் நிறம் வந்தது. படிக்கல்லைத் திருப்பினால் அடியில் ஈயம் ஊற்றிய குழி, அதில் பழைய முத்திரைகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தன. முத்திரை காலாவதியான தராசைக் கடையில் எடை போட வைக்கக் கூடாது, அது குற்றம். அதனால் அழகுக்கு வைக்கிறவரைத் தேடினேன். வாடிப்பட்டிப் பக்கம் நான்குவழிச் சாலையோரம் ஒருவர் கருப்பட்டிக் காபிக் கடை போட்டு, பழைய சாமான்களாகத் தொங்கவிட்டுக்கொண்டிருந்தார். முன்பு அந்த இடத்தில் கடை வைத்திருந்தவர் விட்டுப்போன நான்கடி கண்ணாடி ஷோகேஸ் அவருக்கு வழியை அடைத்துக்கொண்டு நின்றது. எடுத்துக்கொண்டு போனால் போதும் என்றார். லோடு ஆட்டோ வாடகை யார் தருவது என்பதை அங்கேயே பேசி முடித்தேன். ஆளுக்குப் பாதி. இதைப் பேசாமல் விட்டால் பொருள் வீடு வந்து சேரும்போது மனஸ்தாபமும் கூடவே வரும்.

ஷோகேஸ் ஒரு ஃபேன்ஸி ஸ்டோர் அக்காவிடம் போய், அவர் மகளின் சைக்கிள் ஆனது. மகள் விடுதியில் தங்கிப் படிக்கிறாள், சைக்கிள் மாடிப்படிக்கு அடியில் துருப்பிடித்துக் கிடந்தது. டியூப் மாற்றி, செயினுக்கு எண்ணெய் விட்டு, சீட்டுக்கு நானே உறை தைத்தேன்.

இங்கே பொறுமை வேண்டும். சைக்கிள் பிப்ரவரியில் வந்தது. அப்போதே ஒருவர் பழைய டேபிள் ஃபேன் தருகிறேன் என்றார். நான் கொடுக்கவில்லை. பள்ளிக்கூடம் திறக்கிற ஜூனில்தான் சைக்கிளுக்குத் தேவை வரும். ஒரு பொருளுக்கு எந்த மாதம் மவுசு என்று யோசித்து வையுங்கள். குடை, தார்ப்பாய் என்றால் ஐப்பசிக்கு முன்னால். பித்தளைப் பானை என்றால் தைப் பொங்கலுக்கு முன்னால். ஜூன் முதல் வாரம் தென்கரையிலிருந்து ஒரு ஆட்டுக்கார அண்ணன் வந்தார். மகள் ஒன்பதாம் வகுப்பு, நடந்து போகிறாள். அவரிடம் பணம் இல்லை, குட்டி இருந்தது.

ஆடு வாங்கிப் பழக்கமில்லாதவர்கள் ஒரு வெள்ளிக்கிழமை திருமங்கலம் ஆட்டுச் சந்தைக்குப் போய்ச் சும்மா நின்று விலையைக் கேட்டுவிட்டு வாருங்கள். நானும் அப்படித்தான் போனேன். வாயைத் திறந்து பல் பாருங்கள், எல்லாம் பால்பல் என்றால் வயது ஒன்றுக்குள். மூக்கில் சளி, பின்பக்கம் கழிச்சல் கறை இருந்தால் வேண்டாம். நான் வாங்கியது ஐந்து மாதப் பெட்டைக் குட்டி. கால்நடை மருத்துவமனையில் ஆட்டுக்கொல்லி நோய்க்கு ஊசி போட்டு, பூச்சி மருந்து கொடுத்தேன். ஆட்டுக்குச் சினைக்காலம் ஐந்து மாதம். மாசியில் இரண்டு குட்டி போட்டது. மற்ற பொருளெல்லாம் வைத்திருந்தால் தேயும், இது வைத்திருந்தால் பெருகும். அதனால் முடிந்தால் சங்கிலியின் நடுவில் உயிருள்ள ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். கோழியானாலும் சரி.

இப்போது அந்தக் கனடாக்காரர் செய்த ஒரு காரியத்தைச் சொல்ல வேண்டும். ராக் பாடகர் ஆலிஸ் கூப்பருடன் ஒரு மத்தியானம் கழிக்கும் வாய்ப்பு அவர் கையில் இருந்தது. அதைக் கொடுத்துவிட்டு, உள்ளே பனி பொழிவது போலத் தெரிகிற கண்ணாடி உருண்டை ஒன்றை வாங்கினார். பார்த்தவர்கள் பதறிப்போனார்கள். ஆனால் கார்பின் பெர்ன்சன் என்ற நடிகர் அந்த மாதிரி உருண்டைகளைச் சேர்க்கிறவர். அவர் அதற்கு ஒரு சினிமா வேடம் தந்தார். அந்த வேடத்தைக் கிப்ளிங் என்ற சின்ன ஊர் வாங்கிக்கொண்டு வீட்டைக் கொடுத்தது. அடுத்த ஆள் யார் என்று தெரிந்தால், பார்க்கச் சின்னதாகத் தெரிகிற பொருளையும் தைரியமாக வாங்கலாம்.

எனக்கு அப்படி அமைந்தவர், மதுரையில் ரெடிமேட் தைத்துக்கொண்டிருந்து, அதை மூடிவிட்டு ஊர் திரும்பியவர். மெஷின் சாக்கு மூடிக் கிடந்தது, மனுஷர் ஆட்டுக் கொட்டகை போட்டுக்கொண்டிருந்தார். தாயும் இரண்டு குட்டியும் அவருக்கு. மெஷினின் மதிப்பு அதிகம் என்பதால் மேலே காசு கேட்டார். காசுக்குப் பதில் ஆறு மாதம் அவர் வீட்டுத் தையல் எல்லாம் என்னுடையது என்று பேசினேன்.

சோதிக்காமல் கை நீட்டாதீர்கள். முன்பு ஒருமுறை புடவைக்கு மிக்சி மாற்றினேன். வெறும் ஜாரில் ஓடியது. வீட்டில் உளுந்து போட்டதும் ஐந்து நிமிடத்தில் மோட்டார் கருகியது. அதனால் ஓவர்லாக்கைப் பார்க்கப் போகும்போது நைட்டித் துணி, ஜீன்ஸ் துணி, மூன்று நூல்கண்டு எடுத்துப்போனேன். மெல்லியதில் சுருக்கம் விழுகிறதா, கனத்த மடிப்பில் தையல் விட்டுப்போகிறதா, கத்தி ஓரத்தை ஒரே சீராக நறுக்குகிறதா, அடியில் நூலைக் கோக்கிற லூப்பரில் கீறல் இருக்கிறதா என்று பார்த்தேன். கால் மணி நேரம் ஓட்டிவிட்டு மோட்டார்மேல் கை வைத்தேன். வெதுவெதுப்புதான். கத்தி மட்டும் மழுங்கல்.

சிலவற்றை நான் தொடுவதில்லை. பில்லும் பெட்டியும் இல்லாத செல்போன் வேண்டாம், திருட்டுப் பொருளாக இருந்தால் போலீஸ் நம் வீட்டுக்குத்தான் வரும். வண்டி என்றால் ஆர்.சி. புத்தகம் பெயர் மாறாமல் சாவியை வாங்காதீர்கள். நிலத்துக்கு நிலம் மாற்றுவது பரிவர்த்தனைப் பத்திரம் எழுதிப் பதிய வேண்டிய வேலை, வாய்ப்பேச்சில் முடிக்கக் கூடாது. முக்கியமாக, ஆஸ்பத்திரிச் செலவுக்குத் தவிக்கிறவர் நீட்டுகிற பொருளை மாற்றுக்கு எடுக்காதீர்கள். பக்கத்து வீட்டு மதினி கொலுசை நீட்டினார். கொலுசை அவர் கையிலேயே வைத்து மூடி, கைமாற்றாகப் பணம் கொடுத்தேன்.

ஒவ்வொரு மாற்றையும் நோட்டில் எழுதி, இருவரும் கையெழுத்துப் போடுங்கள். தேதி, பொருள், குறை என்ன சொல்லப்பட்டது, பாக்கி என்ன. என் நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஓவர்லாக்குக்கு எதிரே ஆறு மாதத் தையல் இருக்கிறது. நான்கு மாதம் முடிந்தது. அவர் வீட்டம்மாவின் இரண்டு பிளவுஸ் இந்த வெள்ளிக்கிழமை கொடுக்க வேண்டும்.