பல் பிடுங்கிய பிறகு துப்பாதீர்கள்

போன வாரம் கவுந்தப்பாடிப் பக்கமிருந்து ஒரு விவசாயி காதைப் பொத்திக்கொண்டு வந்தார். கீழ்க் கடைவாய்ப் பல் எடுத்து மூன்றாம் நாள். "நேத்து வரைக்கும் ஒண்ணுமில்லீங்க, இப்ப காதுக்குள்ள குத்துதுங்க" என்றார். எத்தனை தடவை துப்பினீர்கள் என்று கேட்டேன். "ரத்தமா வந்துச்சுங்க, அதைப் போய் முழுங்கவா முடியும்?"

இனிப்பு தின்னாதே, மாத்திரையை மறக்காதே என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

துப்புவது

பல் எடுத்த குழியில் ரத்தம் உறைந்து கட்டியாக நிற்கும். அடியில் உள்ள எலும்புக்கும் நரம்புக்கும் அதுதான் மூடி. ஒரு சொட்டு ரத்தம் எச்சிலில் கலந்தாலே வாய் நிறைய ரத்தம் போலத் தெரியும். பயந்துபோய்க் காறித் துப்புவோம். காறும்போது வாய்க்குள் உண்டாகும் இழுப்பில் அந்த மூடி பெயர்ந்துவிடலாம். பெயர்ந்தால் எலும்பு வெறுமனே கிடக்கும். டிரை சாக்கெட் என்போம். வலி பெரும்பாலும் முதல் நாள் வராது. இரண்டு மூன்று நாள் கழித்துக் கிளம்பிக் காது வரை ஏறும். வாய் நாறும். வலி மாத்திரைக்கு லேசில் மசியாது. துப்பாதவருக்கும் சில சமயம் வரும், சிரமப்பட்டு எடுத்த ஞானப்பல்லில் அதிகம். ஆனால் வலியப் போய் வரவழைப்பானேன்?

நான் வரவழைத்தவன். கோவையில் படிக்கும்போது ஞானப்பல் எடுத்துக்கொண்டு, கோபி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வழியெல்லாம் துப்பிக்கொண்டே ஊர் வந்தேன். இதே கேள்விக்குப் பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதியவன்! மூன்றாம் நாள் ராத்திரி சுவரில் தலையை முட்டிக்கொண்டேன். குழியைக் கழுவிக் கிராம்பு எண்ணெய் கலந்த மருந்து வைத்த பிறகுதான் தூக்கம் வந்தது.

எச்சிலை விழுங்குங்கள். பஞ்சை அரை மணி முதல் முக்கால் மணி நேரம் அழுத்திக் கடியுங்கள். கசிவு நிற்காவிட்டால் புதுப் பஞ்சு வைத்து இன்னொரு அரை மணி. 24 மணி நேரம் கொப்பளிக்கவே வேண்டாம். அப்புறம் வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரை வாயில் வைத்திருந்து, தலையைச் சாய்த்துத் தானாக வழியவிடுங்கள்.

இத்தனையும் சொல்லி, மருந்தும் வைத்து அனுப்பினேன். படியிறங்கியவர் வேப்பமரத்தடியில் சத்தமாகக் காறித் துப்பினார்.

ஸ்ட்ரா

இளநீரை டம்ளரில் ஊற்றிக் குடியுங்கள்.

பீடி, சிகரெட்

மூன்று நாளாவது தொடாதீர்கள். "ஒரே ஒரு இழுப்புதானுங்க" என்பார்கள். அந்த இழுப்புத்தான் வினை, புகை அதற்கு மேல்.

மஞ்சள் தூள்

ஈரோட்டு மஞ்சளுக்கு 2019இல் புவிசார் குறியீடே கிடைத்தது. சரி, அதற்காகக் குழிக்குள் அடைக்க வேண்டுமா? அம்மாயி சொன்னாலும் வேண்டாம். உள்ளே தங்கும் தூளை நாங்கள்தான் கழுவி எடுக்க வேண்டும்.

ஒத்தடம்

முதல் நாள் கன்னத்தின் மேல் ஐஸ். சூடு வேண்டாம். வீக்கம் இரண்டு மூன்று நாள் ஏறித்தான் இறங்கும்.

ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள்

நீங்களாக நிறுத்தாதீர்கள். பல் எடுக்கும் முன்பே சொல்லுங்கள்.

விடியட்டும் என்று காத்திருப்பது

காய்ச்சலோடு தாடைக்கடியில் வீங்குகிறது, வாய் திறக்கவில்லை, எச்சில்கூட இறங்கவில்லை என்றால் அந்த ராத்திரியே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.