மூக்கில் விடும் துளிமருந்தும் வேறு சில பிழைகளும்

மாரி மழை ஓய்ந்து தை பிறந்தால் யாழ்ப்பாணத்தில் வெறுங்காணி, ஒழுங்கைக் கரை எல்லாம் பார்த்தீனியம் என்ற களை வெள்ளையாகப் பூத்து நிற்கும். கூடவே தும்மலும் தொடங்கும். பல வருடமாகத் தும்முகிற ஆள் என்பதால், புதிதாக மாட்டுப்பட்டவர்கள் என்னிடம் கதைக்க வருவார்கள். நான் ஒரு காலத்தில் ஆடிய அதே கூத்துத்தான் அவர்களும் ஆடுகிறார்கள். தூசியில் நிற்காதே, மூக்கை மூடு என்பதெல்லாம் தெரிந்த கதை, அதை விடுவோம்.

மாமரத்தைக் குறை சொல்வது

மாமரமும் அதே நாட்களில் பூப்பதால் பழி அதன் மேல் விழுகிறது. மாம்பூவின் மகரந்தத்தைப் பெரும்பாலும் பூச்சிகள்தான் காவும். காற்றில் வந்து மூக்கில் ஏறுவது பார்த்தீனியமும் புல்லும்.

துளிமருந்தை நாட்கணக்காக விடுவது

இதைக் கண்டால் எனக்கு இன்னும் பத்திக்கொண்டு வரும். சைலோமெற்றசோலின், ஒக்சிமெற்றசோலின் என்று பெயர் போட்ட சின்னப் போத்தல். விட்டுச் சில நிமிடத்தில் அடைப்பு எடுபடும். மூக்குக்குள் வீங்கிக் கிடக்கும் இரத்தக் குழாய்களை அது சுருக்கிவிடும், அவ்வளவுதான். மருந்தின் வேகம் குறைந்ததும் குழாய்கள் திரும்ப வீங்கும். நாள் போகப் போக அந்த வீக்கத்துக்கு மகரந்தமே தேவையில்லை, மருந்தே காரணமாகிவிடும்.

தங்கை மகன் அதைச் சேட்டுப் பையிலேயே கொண்டு திரிந்தான். எத்தனை நாளாக என்று கேட்டேன். "மாசிக்கு முதலே தொடங்கினது மாமா, இது விடாட்டி நித்திரையே வராது" என்றான். அப்போது பங்குனி முடியப் போகிறது! பூவெல்லாம் கருகிய பிறகும் அவனுக்கு மூக்கடைப்பு. பிறகு டொக்டரிடம் போய், ஸ்டீரொய்ட் ஸ்பிரே எழுதுவித்து, படாத பாடுபட்டுத்தான் அந்தப் போத்தலை விட்டான்.

மூன்று நாள், மிஞ்சினால் ஐந்து நாள். அதோடு நிறுத்துங்கள்.

ஸ்டீரொய்ட் ஸ்பிரே வேறு சாதி. அடித்த உடனே ஒன்றும் தெரியாது. தினமும் அடித்தால் சில நாளில்தான் குணம் தெரியும். ஒரே நாளில் "சரிவராது" என்று எறிந்துவிட்டுப் பழைய போத்தலுக்கே ஓடுகிறார்கள். அடிக்கும்போது வலது கையால் இடது மூக்கு, இடது கையால் வலது மூக்கு. முனை காதுப் பக்கம் பார்க்கட்டும். நடுத் தண்டில் அடித்தால் இரத்தம் வரும்.

பிரிட்டன் (Piriton) என்ற தும்மல் குளிசையைப் போட்டுவிட்டு மோட்டார் சைக்கிள் ஓடுவது

நித்திரை தூக்கும். வேண்டாம்.

கிணற்றுத் தண்ணீரை அப்படியே மூக்கில் விட்டுக் கழுவுவது

கொதித்தாறிய தண்ணீரில் உப்புப் போட்டுக் கழுவுங்கள்.

பூத்த பிறகு பார்த்தீனியம் பிடுங்கப் போவது

சிரமதானத்துக்கு வெறுங்கையோடு போய், இரவெல்லாம் தும்மிச் சொறிகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பூக்க முதல், மண் ஈரமாக இருக்கும்போது, கையுறை போட்டு வேரோடு பிடுங்க வேண்டும். பூத்துவிட்டதா? அந்த வேலையை ஒத்துக்கொள்ளாத உடம்புக்காரர் வேறு ஆளிடம் விடட்டும். வந்ததும் தோயுங்கள். உடுப்பை மாற்றாமல் கட்டிலில் ஏற வேண்டாம்.

முட்டு இழுக்கும்போதும் வீட்டில் இருப்பது

உடனே ஆஸ்பத்திரி.