விஎஸ் கோட்ல தமிழ் வரி ஒண்ணோட ஒண்ணு உரசுதா? லைன் ஹைட் இப்படி செட் பண்ணுங்க

கோட் எடிட்டர்ல தமிழ் எழுதுறவங்க நிறைய பேரு ஃபான்ட்டத்தான் மாத்தி மாத்தி பாக்குறாங்க, ஆனா கண்ணு வலிக்கிறதுக்கு பல நேரம் காரணம் வரி உயரம்தான், அதாவது லைன் ஹைட். நாம ஒண்ணும் தொடாம விட்டா விஎஸ் கோட்ங்கற எடிட்டர் ஃபான்ட் சைஸ வச்சு அதுவே கணக்கு போட்டுக்கும், மேக்ல சைஸ விட 1.5 மடங்கு, விண்டோஸ் லினக்ஸ்ல 1.35 மடங்கு. விண்டோஸ்ல டிஃபால்ட் சைஸ் 14, அப்போ ஒரு வரிக்கு 19 பிக்ஸல்தான் கிடைக்கும். இங்கிலீஷ் கோடுக்கு அது தாராளம். நமக்கு மேல புள்ளி, சுழி, கீழ வால்னு ரெண்டு பக்கமும் எழுத்து நீளுறதால அது பத்தாது.

சந்தேகமா இருந்தா ஒரு வரில "நூறு மூட்டை புளி"ன்னும் அதுக்கு நேர் கீழ "வீட்டில் கீரை தீர்ந்தது"ன்னும் அடிச்சு பாருங்க. மேல்வரியோட நூ, மூ, பு வால் எல்லாம் கீழ்வரியோட வீ, கீ சுழிய எவ்வளவு நெருங்கி நிக்குதுன்னு தெரியும். இனிமே எந்த செட்டிங் மாத்தினாலும் இந்த ரெண்டு வரிய வச்சே பாருங்க, இங்கிலீஷ் வரிய வச்சு பாத்து முடிவு பண்ணாதீங்க.

மாத்துறது ஈஸி. கண்ட்ரோல அமுக்கிட்டு கமா அடிச்சா செட்டிங்ஸ் வரும், மேக்ல கண்ட்ரோலுக்கு பதிலா கமாண்ட். மேல சர்ச்ல லைன் ஹைட்னு தேடுங்க, எடிட்டர்னு ஆரம்பிக்கிறது ஒண்ணு வரும், அதுல 0 இருக்கும். 0ன்னா ஆட்டோமேட்டிக்னு அர்த்தம். 8க்கு கீழ எந்த நம்பர் போட்டாலும் அது ஃபான்ட் சைஸுக்கு மடங்கு, 8ம் அதுக்கு மேலயும் போட்டா நேரா பிக்ஸல். மடங்காவே போடுங்க, ஏன்னா பிக்ஸல்ல 22ன்னு போட்டுட்டு நாளைக்கு ஃபான்ட் சைஸ 20 ஆக்கினா வரி உயரம் அதே 22லயே நிக்கும், எழுத்து பிதுங்கும்.

தமிழுக்கு 1.7லேர்ந்து 1.8 வரைக்கும் சரியா இருக்கும்ங்கறது என் கருத்து. அதுக்கு மேல போகாதீங்க. எடிட்டர் உயரம் 900 பிக்ஸல்னு வச்சுக்குங்க, 19 பிக்ஸல்ல 47 வரி தெரிஞ்சது 1.8 போட்டா 36 ஆயிடும், கோட் படிக்கிறவங்களுக்கு அது பெரிய நஷ்டம். அதனால தமிழ் எழுதுற ஃபைலுக்கு மட்டும் கூட்டுறதுதான் புத்திசாலித்தனம். சர்ச் பாக்ஸ் ஓரத்துல ஃபில்டர் ஐகான் இருக்கு, அதுல லாங்குவேஜ் எடுத்து மார்க்டவுன் (குறிப்பு, கட்டுரை எழுதுற டெக்ஸ்ட் ஃபைல் வகை) செலக்ட் பண்ணிட்டு லைன் ஹைட்ட மாத்துனீங்கன்னா மார்க்டவுன் ஃபைல்ல மட்டும் வரிக்கு நடுவுல இடைவெளி கூடும், பைத்தான், ஜாவாஸ்க்ரிப்ட் எல்லாம் பழையபடியே இருக்கும்.

செட்டிங்ஸ்ல ஃபான்ட் ஃபேமிலின்னு இருக்கறதுலயும் ஒரு வேலை இருக்கு. முதல்ல கன்சோலாஸ் மாதிரி கோடுக்கான ஃபான்ட், கமா போட்டு அடுத்து நிர்மலா யூஐ இல்லன்னா நோட்டோ சான்ஸ் தமிழ். பேருக்கு நடுவுல இடைவெளி இருந்தா ஒற்றை மேற்கோள் குறிக்குள்ள ('...') போடணும். இத பண்ணலன்னா தமிழுக்கு சிஸ்டம் எதையாவது எடுத்து வைக்கும், மெஷினுக்கு மெஷின் வேற வேற உயரமா தெரியும்.

எழுத்துக்கு நடுவுல இடைவெளி வைக்க லெட்டர் ஸ்பேசிங்னு ஒண்ணு இருக்கு, தமிழுக்கு அத 0லயே விட்டுடுங்க, கூட்டினா வார்த்தை சிதறின மாதிரி ஆயிடும். டெர்மினலுக்கு (கமாண்ட் அடிக்கிற பகுதி) லைன் ஹைட் தனி செட்டிங், ஆனா டெர்மினல் கட்டம் கட்டமா எழுத்த வைக்கிறதால அங்க தமிழ் பிசிறுறது வரி உயரத்தால சரியாகாது.

வேற எடிட்டர் வச்சிருக்கீங்களா? சப்லைம்ல லைன் பேடிங் டாப், பாட்டம்னு ரெண்டு தனித்தனியா இருக்கு, ரெண்டுலயும் 3 போட்டு ஆரம்பிங்க. ஈமேக்ஸ்ல லைன் ஸ்பேசிங்க்கு முழு எண் போட்டா பிக்ஸல், 0.2ன்னு போட்டா அஞ்சுல ஒரு பங்கு கூடும், வரிக்கு கீழதான் சேரும். ஜிவிம்ல (தனி விண்டோல ஓடுற விம்) லைன்ஸ்பேஸ் 4 வச்சா போதும், டெர்மினல்ல ஓடுற விம்முக்கு மட்டும் டெர்மினலோட செட்டிங்ஸ்லதான் மாத்தணும்.