பழைய அம்பிளிபயரை இணையத்தில் விற்கும்போது செய்யக்கூடாத தவறுகள்

வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்கு, உப்புவெளியில் என் அக்கா வீட்டு வாசலில் ஒரு முச்சக்கரவண்டி வந்து நின்றது. அத்தான் இணையத்தில் விளம்பரம் போட்டிருந்த சன்சுய் அம்பிளிபயரை ஏற்றிப்போக வந்தவர் வெறும் சாரதி. வாங்குபவர் கொழும்பில் இருக்கிறாராம். பணம் போட்ட சிட்டையின் படம் வாட்ஸ்அப்பில் வந்திருந்தது. '85,000 ரூபாய் வரவு' என்று வங்கியின் பெயரைப் போட்டுக் குறுந்தகவலும் வந்தது. அத்தான் அம்பிளிபயரைத் துடைத்து, வயரைச் சுருட்டிக் கட்டி ஏற்றிவிட்டார். பணம் இன்றுவரை வரவில்லை.

அந்தக் குறுந்தகவலை நான் பார்த்தேன். வங்கி வழக்கமாக அனுப்பும் தகவல்களோடு சேராமல், 07இல் தொடங்கும் சாதாரணக் கைபேசி எண்ணிலிருந்து தனியாக வந்திருந்தது. வாங்குபவர் காட்டுவதை நம்பியதுதான் தவறு. சிட்டையை யாரும் ஐந்து நிமிடத்தில் தயாரித்துவிடலாம். உங்கள் வங்கிச் செயலியை நீங்களே திறந்து, எடுக்கக்கூடிய மீதியில் தொகை ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். 'வேறு வங்கி, நாளைக்குத்தான் வரும்' என்பார்கள். இலங்கையில் 2015 முதல் செஃப்ட்ஸ் (CEFTS) என்ற மின்னணுப் பணப்பரிமாற்ற முறையில் ஒரு வங்கியிலிருந்து இன்னொரு வங்கிக்குப் பணம் பெரும்பாலும் உடனேயே வந்துவிடுகிறது. நாளைக்குத்தான் பணம் வருமென்றால் பொருளும் நாளைக்கே போகட்டும். காசோலைக்கும் இதே கதைதான்: மாறிய பிறகுதான் அது பணம்.

உங்களுக்குப் பணம் அனுப்பக் கணக்கு எண், பெயர், வங்கி, கிளை போதும். கைபேசிக்கு வரும் ஒருமுறைக் கடவுச்சொல்லையோ அட்டையின் பின்புற மூன்று இலக்கங்களையோ ஒருவர் கேட்டால், அவர் எடுக்க வந்தவர், கொடுக்க வந்தவர் அல்லர். கூரியர் கட்டணம் என்று வரும் இணைப்பையும் தொடாதீர்கள்.

பணம் சரியாக வந்த பிறகும் ஒரு மோசடி உண்டு. 'வேலை செய்யவில்லை' என்று வாங்கியவர் திருப்பித் தருவார். தருவது உங்கள் பெட்டியை அல்ல, அவர் வீட்டில் பழுதாகிக் கிடந்த அதே மாடல் பெட்டியை. ஆகவே தொடர் எண்ணையும் மூடியைக் கழற்றி உட்பக்கத்தையும் படம் எடுத்து வையுங்கள். நம் ஊர்க் கடற்காற்றில் பின்பக்க இணைப்பு முனைகளில் பச்சை பூத்திருக்கும். பலர் வெட்கப்பட்டு அதைச் சுரண்டித் துடைத்துவிட்டுப் படம் எடுக்கிறார்கள். துடைக்காதீர்கள், கிட்டத்தில் படம் எடுங்கள். அந்தப் பூப்பு இன்னொரு பெட்டியில் அப்படியே இருக்காது. நேர்மையும் அதுதான். ஜப்பானிலிருந்து வந்த 100 வோல்ட் பெட்டியாயின் அதை விளம்பரத்திலேயே எழுதுங்கள். நம் 230 வோல்ட்டில் நேரடியாகச் செருகி எரித்துவிட்டுச் சண்டைக்கு வருபவரிடம் அந்த வரிதான் பேசும். ஒப்படைக்கும் முன் வாங்குபவர் எதிரிலேயே பாட்டுப் போட்டு இரண்டு பக்க ஸ்பீக்கரும் கேட்பதைக் காணொளியாக எடுங்கள்.

ஏமாந்துவிட்டால் முதலில் வங்கிக்கு அழையுங்கள், பிறகு பொலிஸுக்குப் போங்கள். 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டம் இருக்கிறது. ஆனால் முறைப்பாட்டுக்கு ஆதாரம் வேண்டும். அத்தான் அவமானம் தாங்காமல் அன்றிரவே வாட்ஸ்அப் உரையாடலை முழுதாக அழித்துவிட்டார். கையில் மிஞ்சியது அந்த ஒற்றைக் குறுந்தகவல்தான்.