மதுவத் தொட்டிக்கு எவ்வளவு காரம் விடுவது?

பாண் மதுவம் (ஈஸ்ட்) தானாக லக்ரிக் அமிலத்தைச் சொல்லும்படி தராது. அதற்குரிய மரபணு புகுத்திய இனம் வேண்டும். அமிலம் சேரச் சேரத் தொட்டியின் பிஎச் (அமிலத்தன்மையின் அளவு; அமிலம் கூடினால் எண் குறையும்) இறங்கும்; அதைப் பிடித்து வைக்கவே காரம் விடுகிறோம். அந்த இனத்தை 2 லீற்றர் தொட்டியில் வளர்ப்பவர்களுக்கான குறிப்பு இது.

முதலில் தண்ணீர். கிளிநொச்சிப் பக்கத்தில் கேத்தல் அடியில் வெள்ளையாகப் படியும் கிணற்று நீரை ஊடகத்துக்கு (மதுவம் வளரும் கரைசலுக்கு) எடுக்க வேண்டாம். அதிலுள்ள கல்சியம், அவிக்கும்போது பொசுபேற்றோடு சேர்ந்து வீழ்படிவாகும். இருகாபனேற்று பிஎச்சை மேலே இழுக்கும். காய்ச்சி வடித்த நீரே நல்லது. குளுக்கோசையும் நைதரசன் உணவையும் வெவ்வேறாக 121 பாகையில் அவியுங்கள். சேர்த்து அவித்தால் கரைசல் பழுப்பாகிவிடும்.

பிஎச் அளக்கும் மின்வாயை, பிஎச் 7.00, 4.01 உள்ள தாங்கற் கரைசல்களில் (பிஎச் மாறாத கரைசல்களில்) சரிபார்த்த பிறகே தொட்டியில் பூட்டுங்கள். காரம் சொட்டும் குழாய் மின்வாய்க்குப் பக்கத்தில் இருக்கக்கூடாது. இருந்தால் தொட்டி முழுவதும் கலக்குமுன்பே கருவி 'போதும்' என்று பம்பை நிறுத்திவிடும். குழாய்முனை கலக்கிக்கு அருகே இருக்கட்டும்.

வளர்ச்சிக் கட்டத்தில் 30 பாகை, பிஎச் 5.0. அமோனியம் சல்பேற்று கொடுத்தால் மதுவம் அமோனியத்தை எடுத்துக்கொண்டு ஐதரசன் அயனை வெளியே விடும். லக்ரிக் அமிலம் வராமலே பிஎச் விழும். யூரியாவில் இந்தத் தொல்லை குறைவு.

கலங்கள் பெருகியதும் காரப் பம்பை நிறுத்துங்கள். பிஎச் தானே இறங்கும்; வெளியிலிருந்து அமிலம் ஊற்றி அவசரப்படுத்த வேண்டாம். 3.0 வந்ததும் பம்பை அந்த அளவுக்கு மாற்றி ஓடவிடுங்கள். லக்ரிக் அமிலத்தின் பிகேஏ (அமிலத்தில் பாதி அயனாகியிருக்கும் பிஎச்) 3.86. அதற்குக் கீழே பெரும்பகுதி அயனாகாமலே இருப்பதால் காரம் குறைவாகப் போதும். லீற்றருக்கு 60 கிராம் அமிலம் வந்தால், 5.0இல் பிடித்து வைக்க 5 மோலார் சோடியம் ஐதரொட்சைட்டு லீற்றருக்கு ஏறக்குறைய 125 மில்லிலீற்றர் போகும்; 3.0இல் 16 மில்லிலீற்றர் போதும். சுண்ணாம்பால் நடுநிலையாக்கிப் பின் சல்பூரிக் அமிலத்தால் பிரித்தெடுக்கும் பழைய வழியில், ஒரு கிலோ அமிலத்தோடு ஏறத்தாழ ஒரு கிலோ ஜிப்சமும் வந்து சேரும். அதைக் கொட்ட இடம் தேடவேண்டும்.

ஆனால் 3.0இல் அயனாகாத அமிலம் கலத்துக்குள் நுழைந்து அங்கே அயனாகும். ஐதரசனை வெளியே தள்ளவே மதுவத்தின் சக்தி செலவாகும். குளுக்கோசு மிச்சமிருக்கக் காரச் செலவு நின்றுவிட்டால், அந்த இனத்துக்கு 3.0 தாங்கவில்லை என்று கொள்ளலாம். அடுத்த தடவை பிஎச்சை 3.5இல் பிடித்து வையுங்கள். காரப் போத்தல் வெறுமையா என்பதை அதற்கு முன் பாருங்கள். அதுவும் காரணமாக இருக்கலாம்.

கறண்ட் போய் வந்தால் பம்பை உடனே போடாதீர்கள். கலக்கி சில நிமிடம் ஓடி, பிஎச் வாசிப்பு நிலையாகட்டும்.